மீன்வாய் வெட்டு: ஒரு குழாய் இணைப்பின் கதை



உங்களில் சிலர் கிரில் பட்டறை வைத்திருக்கிறீர்கள். சிலர் வீட்டுக் கொல்லையிலேயே சின்ன வெல்டிங் மெஷின் வாங்கிப் போட்டு ஊஞ்சல், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் என்று செய்கிறீர்கள். இன்றைய பதிவு முதலில் உங்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம்; கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு, கடைசியில் ஓர் எச்சரிக்கை.

ஓர் உருண்டைக் குழாயை இன்னோர் உருண்டைக் குழாயின் இடுப்பில் பற்ற வைக்க வேண்டும். முனையை நேராக அறுத்து வைத்தால் இரண்டே இடத்தில்தான் தொடும். மற்ற இடமெல்லாம் இடைவெளி. ஆகவே முனையை வளைவாகக் குடைந்து, மற்ற குழாயைக் கவ்விக்கொள்ளும்படி செய்கிறோம். பக்கவாட்டில் பார்த்தால் மீன் வாயைத் திறந்தது போல இருக்கும்.

இந்தக் கணக்கு மிகப் பழையது. சம அளவுள்ள இரண்டு உருளைகள் செங்குத்தாக ஊடுருவினால், இரண்டுக்கும் பொதுவான பகுதியின் கனஅளவு, அதைச் சுற்றி நிற்கும் கனசதுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னார். கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அதை எழுதிய ஏடு 1906இல்தான் ஹைபெர்க் என்ற அறிஞரின் கண்ணில் பட்டது.

குழாயால் சட்டம் கட்டும் வேலை ஊரெங்கும் பரவியது சைக்கிளால். 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டார்லி தம் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் மானெஸ்மான் சகோதரர்கள், தையல் இல்லாத குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அன்றைய சைக்கிள்களில் மூட்டுக்கு மூட்டு ஒரு உறை மாட்டி, பித்தளை உருக்கி ஒட்டினார்கள். குழாய் முனை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் உறை மறைத்துவிடும்.

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் ஆக்சிஜனும் அசிட்டிலீனும் கலந்து எரியும் டார்ச் வந்தது. 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சுடர். இப்போது உறை வேண்டாம், குழாயோடு குழாயையே உருக்கி ஒன்றாக்கலாம். உறை போனதும் மறைப்பும் போனது.

1912இல் ரைன்ஹோல்ட் பிளாட்ஸ் என்ற வெல்டர், பெர்லின் அருகே ஆந்தனி ஃபோக்கரின் விமானப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பெரும்பாலோர் மரச் சட்டத்தில் விமானம் கட்டிய காலம் அது. ஃபோக்கர் பட்டறையோ இரும்புக் குழாய்களைப் பற்ற வைத்து உடற்கூடு செய்தது. வெல்டராக நுழைந்த பிளாட்ஸ் பின்னாளில் அந்த நிறுவனத்தின் விமான வடிவமைப்பிலேயே முக்கியப் பொறுப்புக்கு உயர்ந்தார். முதல் உலகப் போரின் முடிவில், 1918 நவம்பர் 11 அன்று கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டில், ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் ஃபோக்கர் டி-7 என்ற ரகத்தைப் பெயர் சொல்லியே கேட்டார்கள். அதன் உடற்கூடு பற்ற வைத்த குழாய்க்கூடு.

அடுத்து இந்த வேலை அமெரிக்காவில் வீட்டுக்குள் வந்தது. 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அவர் வீட்டின் நிலவறைதான் ஆரம்பத்தில் அலுவலகம். 1955இல் ஒரு தொழில்நுட்ப மாத இதழில், 800 டாலருக்குள் வீட்டிலேயே கட்டக்கூடிய 'பேபி ஏஸ்' விமானத்தைப் பற்றித் தொடர் எழுதினார். அதன் உடற்கூடும் குழாய்தான். அதைப் பார்த்துப் பலர் துணிந்தார்கள்.

அவர்களிடம் பெரிய இயந்திரம் கிடையாது. ஹேக்சா, வைஸ், அரைவட்ட அரம், ஒரு தாள், கத்தரிக்கோல் போதும். முறை இதுதான். 25 மி.மீ. குழாய் என்றால் சுற்றளவு 25 × 3.14 = 78.5 மி.மீ. அந்த நீளத்துக்குத் தாள் வெட்டுங்கள். சம அளவுள்ள குழாயோடு செங்குத்தாகச் சேர்ப்பதானால், வளைவின் ஆழம் விட்டத்தில் பாதி, அதாவது 12.5 மி.மீ. ஒரு சுற்றில் இரண்டு பள்ளம், இரண்டு கூர்முனை வரும். வரைந்து, குழாயில் சுற்றி ஒட்டி, கோட்டை ஒட்டி அறுத்து, அரத்தால் தேய்த்துப் பொருத்திப் பாருங்கள். ஹோல்சா வைத்திருப்பவர்கள், எந்தக் குழாயின் மேல் உட்காரப் போகிறதோ அதன் வெளிவிட்ட அளவுள்ளதை எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் "இந்தக் கணக்கு எதுக்கு சார்?" என்று கேட்டீர்களே, இதற்கும்தான்.

இனி எச்சரிக்கை. விமானக் குழாயின் சுவர் பல இடங்களில் 0.9 மி.மீ. தடிமன்தான். இடைவெளி விட்டு, ராடை உருக்கி நிரப்பப் பார்த்தால் மெல்லிய சுவர் ஓட்டையாகும். ஓட்டை விழாவிட்டாலும், அதிகம் ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கிச் சட்டத்தையே கோணலாக இழுக்கும். பிறகு அதிர்வில் அந்த மூட்டு மெல்ல விரிசல் விடும். நம் ஊஞ்சலுக்கும் தொட்டி ஸ்டாண்டுக்கும் இதே நியாயம்தான். மேலே கிரைண்டர் ஓட்டிப் பெயின்ட் அடித்தால் வாங்குகிறவருக்குத் தெரியாது. ஊஞ்சலில் ஏறுகிற குழந்தைக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வெல்டிங் இரண்டு குழாயை ஒன்றாக்கும் வேலை. பள்ளத்தை நிரப்பும் வேலை அல்ல. டாக் வைப்பதற்கு முன் மூட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம் அரம் பிடியுங்கள்.

பட்டறை வேலைதானே என்று உங்களை யாராவது குறைத்துப் பேசினால், வெல்டர் பிளாட்ஸின் பெயரைச் சொல்லுங்கள்.

கண்ணாடியும் கையுறையும் போடாமல் வேலை செய்யாதீர்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்