கணவரின் சம்மதம் தேவைப்படாத காப்பு: வட சென்னையில் குடும்ப வன்முறையும் எச்ஐவி தடுப்பு மருந்தும்

இந்தியாவில் எச்ஐவி இருப்பது 1986இல் சென்னையில்தான் முதலில் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த இரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. பின்வந்த திட்டங்களின் பார்வையை அந்தத் தொடக்கமே பெரிதும் வடிவமைத்தது என்பது என் கணிப்பு. யாருக்குத் தொற்று வரும் என்ற கேள்விக்கு ஒரு பட்டியல் விடையாயிற்று. பாலியல் தொழிலாளர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண், திருநங்கையர், ஊசிவழிப் போதை எடுப்போர் அதில் இடம்பெற்றனர். அவர்களிடமிருந்து பிற மக்களுக்குத் தொற்றைக் கடத்தும் 'பாலம்' என்று லாரி ஓட்டுநர்களும் இடம்பெயர்ந்த தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டனர். அந்தப் பட்டியலை வைத்து நடந்த வேலை பயனற்றதல்ல. தமிழகத்தில் தொற்று குறைந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஆனால் ஓட்டுநரின் மனைவி அதில் எங்கும் இல்லை.

அவள் மருத்துவர்கள் கண்ணில் படாதவள் அல்ல. சென்னையில் எச்ஐவி சிகிச்சை தரும் ஒய்ஆர்ஜி கேர் மையத்துக்கு வந்த 134 எச்ஐவி பாதித்த பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வில் 81 விழுக்காட்டினர் இல்லத்தரசிகள். 88 விழுக்காட்டினர் ஒருவரோடு மட்டுமே உறவு கொண்டிருந்தவர்கள். 2008இல் ஆய்வாளர் ஜே சில்வர்மன் குழுவினர் மூன்றாம் தேசிய குடும்பநல ஆய்வின் தரவுகளை அலசி வன்முறையை இதோடு இணைத்துக் காட்டினர். கணவரால் உடல்வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஒருசேர ஆளான மணமான பெண்களிடம் எச்ஐவி 0.73 விழுக்காடு, வன்முறை இல்லாதவர்களிடம் 0.19. மற்றக் காரணிகளைக் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு நின்றது. அடியால் கிருமி வருவதில்லை. அடிக்கிற கணவரே வெளியுறவில் தொற்றைப் பெறும் வாய்ப்பும், ஆணுறை வேண்டும் என்று மனைவி சொல்ல முடியாத நிலையும் ஒரே வீட்டில் சேர்கின்றன.

சென்னையின் 40 ஏழைக் குடியிருப்புகளில் 1,974 மணமான பெண்களைச் சந்தித்த சுனிதி சாலமன் குழுவினர் 2009இல் வெளியிட்ட எண் இன்னும் கடுமையானது. வாழ்நாளில் 99 விழுக்காட்டினர் அடிபட்டிருந்தனர்; 75 விழுக்காட்டினர் கட்டாய உறவுக்கு ஆளாகியிருந்தனர். ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வு கணவரின் வன்முறைக்கு ஆளானோர் என்று தமிழகம் முழுமைக்கும் தரும் எண் 38.1 விழுக்காடு. இடைவெளி இவ்வளவு பெரிதென்றால் கேள்வி கேட்ட முறை, இடம், கேட்டவர் மீதான நம்பிக்கை எல்லாவற்றையும் ஐயுறலாம். நானும் 99ஐ அப்படியே எடுத்தாள மாட்டேன். எனினும் அந்த எண்ணில் பாதியை ஏற்றாலே என் வாதத்துக்குப் போதும்.

வட சென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நிலப்பகுதியில் இந்த வாதத்தைப் பொருத்திப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் வருகிற கன்டெய்னர் டிரெய்லர்கள், காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கல் தொழிலுக்குப் போகும் விசைப்படகுகள், மணலியின் ஒப்பந்த வேலை என ஆண்கள் வீட்டை விட்டு நாள்கணக்கில் விலகியிருக்கும் தொழில்கள் இங்கே நெருங்கிக் கிடக்கின்றன. (வட சென்னை என்றாலே ரவுடியையும் நோயையும் நினைக்கிற வழக்கத்துக்கு இக்கட்டுரை துணைபோகவில்லை, மற்ற இடத்து வீடுகளிலும் இதே வன்முறை உண்டு.) இராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு எச்ஐவி பரிசோதனை வாடிக்கையான சேவை. பாசிட்டிவ் என்றால் எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையம், குழந்தைக்கு மருந்து, ஆலோசனை என்று பாதை நீள்கிறது. நெகட்டிவ் என்றால், கணவரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள், ஆணுறை பயன்படுத்துங்கள் என்பதோடு முடிகிறது. இரண்டு அறிவுரையும் கணவர் ஒத்துழைத்தால்தான் நடக்கும். அவர் வர மறுத்தால், அந்த மறுப்பே ஓர் அபாயக் குறி. ஆனால் அதை வைத்துச் செய்வதற்கு எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் தொற்று வருமுன்னே எடுக்கும் முன்காப்பு மருந்து, அதாவது பிரெப், பொருள்படுகிறது. கணிசமான அபாயத்தில் உள்ள எவருக்கும் டெனோஃபோவிர் அடிப்படையிலான மாத்திரையை 2015இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2022இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆனால் நடைமுறையில் மருந்து நகர்வது பழைய பட்டியலின் தடத்திலேயே. நீங்கள் யார் என்று கேட்டு உள்ளே விடும் வாயிலில், அபாயம் தன் செயலில் இல்லாமல் கணவரின் செயலில் இருக்கிற பெண் என்ன பதில் சொல்வாள்?

சட்டம் இதைவிட முன்னே போய்விட்டது என்பதுதான் வியப்பு. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை இணையருக்கு மருத்துவர் தெரிவிக்க வழிசெய்யும்போதே, அதனால் வன்முறையோ கைவிடுதலோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், தெரிவிக்கக் கூடாது என்கிறது. ஆக, தொற்று வந்த பிறகு வன்முறை சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது. வருவதற்கு முன்போ, மருந்துத் திட்டத்தின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் வன்முறையை வரையறைக்குள் வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவரோ பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் மருத்துவ உதவி தர வேண்டும் என்று 7ஆம் பிரிவு மருத்துவ நிலையப் பொறுப்பாளரைக் கட்டாயப்படுத்துகிறது. எச்ஐவி தடுப்பும் மருத்துவ உதவிதான் என்று வாசிப்பதற்கு அந்தப் பிரிவில் தடை எதுவும் இல்லை.

எதிர்வாதம் வலுவானது. வயதுவந்தோரில் தொற்று தேசிய அளவில் 0.2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அடிபடும் எல்லாப் பெண்களுக்கும் மாத்திரை கொடுத்தால் ஒரு தொற்றைத் தடுக்க ஆயிரக்கணக்கானோர் சிறுநீரகத்தைக் கண்காணித்துக்கொண்டு மருந்து விழுங்க வேண்டிவரும். இதை மறுப்பதற்கில்லை. நான் கேட்பது எல்லோருக்கும் அல்ல. கட்டாய உறவு நடக்கிறது, கணவர் பரிசோதனைக்கு மறுக்கிறார் அல்லது தொற்று தெரிந்தும் மருந்து எடுப்பதில்லை, பெண்ணுக்கோ கணவருக்கோ பால்வினை நோய்க்கான அறிகுறி இருக்கிறது: இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஆலோசகர் பிரெப் பற்றிப் பேசலாம் என்ற அளவுகோல் போதும்.

இன்னொரு தடை மாத்திரையிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பெண்களிடம் நடந்த ஃபெம்-பிரெப், வாய்ஸ் சோதனைகள் தோற்றதற்குப் பலர் மாத்திரையைத் தொடர்ந்து எடுக்காததே காரணம். கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த பார்ட்னர்ஸ் பிரெப் ஆய்வில், அண்மையில் கணவரின் வன்முறைக்கு ஆளான பெண்கள் மாத்திரையை ஒழுங்காக எடுக்காமலிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒற்றை அறை வீட்டில் மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது? டெனோஃபோவிர் எச்ஐவி சிகிச்சையிலும் உள்ள மருந்து. டப்பாவைப் பார்த்தவர் 'இவளுக்கு எய்ட்ஸ்' என்று முடிவுகட்டுவார்; கணவரோ 'யாரோடு போய் வந்தாய்' என்பார். தடுக்க வந்த மருந்தே அடிக்குக் காரணமாகிவிடும்.

அதனால் ஊசிதான் இந்தப் பெண்ணுக்கு ஏற்றது. 2024இல் வெளியான பர்ப்பஸ் 1 சோதனையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெனகாபவிர் என்ற தடுப்பு ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் 2027 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 40 டாலர் அளவில் இதன் பொதுப்பெயர் வடிவத்தைத் தருவதாக அறிவித்துள்ளன. அரசு மருத்துவமனைகள் 2017 முதல் மூன்று மாதக் கருத்தடை ஊசியான 'அந்தரா'வைக் கொடுத்துவருகின்றன. வீட்டில் தடயம் விடாத மருந்துக்கு ஒரு வழித்தடம் ஏற்கெனவே இருக்கிறது. லெனகாபவிரையும் அதே தடத்தில் கொண்டுவரலாம்.

ஊசி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் பெப் மருந்து பாலியல் தாக்குதலுக்கு ஆளானோருக்கு வழங்கப்படுகிறது. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவின் விதிவிலக்கால், சேர்ந்து வாழும் கணவரின் கட்டாய உறவு வல்லுறவுக் குற்றமாகாது. எனவே அந்தப் பெண் 'பாதிக்கப்பட்டவர்' என்ற தகுதியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைவதே சிக்கல். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு மட்டும் திருமண வல்லுறவையும் வல்லுறவாகக் கொள்ள வேண்டும் என்றது. அதற்கு முதல் தகவல் அறிக்கையும் தேவையில்லை என்றது. பெப் மருந்துக்கும் இதே தர்க்கத்தை நீட்ட நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், கணவரால் நேர்ந்த கட்டாய உறவுக்கும் வழக்குப் பதிவு கேட்காமல் பெப் தரலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். மருந்தும் புதிதல்ல: ஏஆர்டி மையங்களில் சிகிச்சைக்காக இருப்பு வைத்திருக்கும் அதே டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் கூட்டுதான்.