வெளியூர் செல்லும்போது கீசர்: திரும்பியதும் செய்ய வேண்டியவை

இடுக்கி மாவட்டத்தின் மூணாறில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்குவதால் கீசர் அன்றாடத் தேவையாகிறது. வெயில் மிகுந்த பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளி போன்ற ஊர்களிலோ அது பல மாதங்கள் பயன்பாடின்றி இருக்கக்கூடும். வீட்டைப் பூட்டி வெளியூர் சென்றாலும் இதே நிலைதான்.

2 கிலோவாட் கீசர், 15 லிட்டர் நீரின் வெப்பத்தை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ கால் மணி நேரமும் அரை யூனிட் மின்சாரமும் போதும். எனவே நாள்கணக்கில் அதை இயக்கத்தில் விட்டுச் செல்லக் காரணமே இல்லை. தெர்மோஸ்டாட் பழுதாகி, உப்புப் படிந்து பாதுகாப்பு வால்வும் அடைபட்டால், ஆளில்லாத வீட்டில் கலன் வெடிக்கும் அபாயம் உண்டு. சுவிட்சுடன் எம்.சி.பி.யையும் அணைத்துவிட வேண்டும். சமையல் எரிவாயுவில் இயங்கும் கீசரானால் ரெகுலேட்டரையும் மூட வேண்டும்.

திரும்பியதும், சுடுநீர்க் குழாயில் நீர் சீராக வருவதை உறுதிசெய்த பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். நீரில்லாத கலனில் சூடேற்றும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகக்கூடும். 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட இது, பெரும்பாலும் நீர்த்திவலைகளைச் சுவாசிப்பதால் தொற்றுகிறது. முதியவர்களுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் ஆபத்து அதிகம். ஆகவே, முதலில் நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஷவரில் அல்லாமல் குழாய் வழியே சில நிமிடங்கள் வெளியேற்ற வேண்டும். வாளியில் பிடித்து ஆறவிட்டால், தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊர்களில் அந்த நீர் தரை கழுவ உதவும்.