குதிரைவலுவும் இறக்கமும்

எங்கள் பக்கத்தில் ட்ராக்டர் வாங்கப் போகிறவர்கள் கேட்பது இரண்டே விஷயம்: எத்தனை குதிரைவலு, என்ன விலை. தெஹியோவிட்டவில் எஞ்சின் திருத்தும் கொட்டகை ஒன்றை நடத்துவதால் அந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம்தான் வருகிறது. ஏழு குதிரைவலு லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டர் போதுமா, பன்னிரண்டு எடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் கடன்பட்டு நாலு சில்லு சின்ன ட்ராக்டரே எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். என் அப்பா தோட்டத்து ட்ராக்டர் சாரதி. அவரிடம் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எந்த மெஷினை வாங்குவது என்று கொழும்பிலோ பங்களாவிலோ தீர்மானித்தார்கள். மழையில் நனைந்த இறக்கத்தில் அதை இறக்கிக்கொண்டு வந்தவர்கள் லயத்து ஆட்கள். இந்த ஊரின் ட்ராக்டர் வரலாற்றை அந்த இடைவெளியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

ட்ராக்டருக்கு முன்னால் இங்கே சுமை தூக்கியது ரயில். களனிவெளிக் குறுகிய பாதை, தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடிதான், 1902 இல் அவிசாவளைக்கு வந்தது. அங்கிருந்து ஒரு கிளை தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாக யட்டியாந்தோட்டைக்குப் போனது. தேயிலையும் றப்பரும் கொழும்புக்குப் போகவும், அரிசியும் உரமும் தோட்டங்களுக்கு வரவும் போட்ட பாதை அது. மலையிலிருந்து ஸ்டோர் வரைக்கும் ஆள் தலையும், மாட்டு வண்டியும், சில இடங்களில் கம்பி வடமும் சுமந்தன. யுத்தக் காலத்தில், 1942 இல், யட்டியாந்தோட்டைக் கிளை மூடப்பட்டது. அதன் பிறகு எல்லாச் சுமையும் ரோட்டின் மேல் விழுந்தது. ஹட்டனுக்குப் போகும் பெரிய ரோட்டில் லொறிகள் ஓடின. தோட்டத்துக்குள் லொறி திரும்ப முடியாத வளைவுகள் இருந்தன. அந்த இடத்துக்குத்தான் ட்ராக்டர் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் உலகமே பேசிய சின்ன ட்ராக்டர் ஃபெர்குசன் டிஇ 20. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இருபத்தைந்து குதிரைவலுவைச் சுற்றித்தான் அதன் பலம். 1958 இல் எட்மண்ட் ஹில்லாரி தென்துருவத்துக்குப் போனது அந்த ட்ராக்டரில்தான். அதன் வழிவந்தவைதான் மெஸி ஃபெர்குசன் 35 உம், 1964 இல் வந்த 135 உம். 135 க்கு மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின், ஏறக்குறைய 45 குதிரைவலு. இலங்கைக்கு அவற்றைக் கொண்டுவந்த பிரவுன் கம்பெனி 1875 இல் ஹட்டனில் தோட்ட இயந்திர வேலைக்கென்று தொடங்கியது. ஆகவே தோட்டத்துரைமாருக்குப் பழகிய பெயர். உதிரிப்பாகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 135 இன் பாகங்களை இன்றைக்கும் தேடி எடுத்துவிடலாம்.

ஆனால் அந்த 45 குதிரைவலு இந்த மண்ணுக்காகக் கணக்குப் போட்ட பலம் இல்லை. நாலு சில்லு ட்ராக்டர் உழுவதற்காகப் பிறந்தது. வறண்ட வலயத்துப் பெரிய வயல்களில் அதுதான் ராஜா. தேயிலை மலையிலும் றப்பர் மலையிலும் உழுவதற்கு என்ன இருக்கிறது? ஃபெர்குசனின் பெருமையே பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் மூன்று முனைக் கொக்கிதான். எங்கள் தோட்டத்தில் அது துருப்பிடித்துத் தொங்கியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ட்ராக்டருக்கு இங்கே ஒரே வேலை, ட்ரெய்லர் பெட்டி இழுப்பது. காலையில் உரம், பிறகு றப்பர் பால், பின்னேரம் கொழுந்து, இடையில் விறகு, பெரட்டுக்கு ஆட்கள்.

135 இன் எடை ஒன்றரை டன் அளவு. பின்னால் கொளுவிய பெட்டி சுமையோடு அதைவிடக் கனமாக இருக்கும். அந்தப் பெட்டிக்கு அநேகமாக பிரேக் கிடையாது. ஏற்றத்தில் ட்ராக்டர் பெட்டியை இழுக்கிறது. இறக்கத்தில் பெட்டி ட்ராக்டரைத் தள்ளுகிறது. தள்ளும் பெட்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது ட்ராக்டரின் இரண்டு பின் சில்லுகள் மட்டும்தான். அந்தச் சில்லுகளுக்கும் தனித்தனி பிரேக் மிதி, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயலில் ஒரு சில்லை மட்டும் பிடித்து வளைத்துத் திரும்புவதற்காக அப்படிச் செய்தார்கள். ரோட்டில் ஓடும்போது இரண்டு மிதியையும் ஒரு சின்னக் கொண்டியால் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்ட மறந்து ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கமே சுழன்றுவிடும். அப்பா ஏறியவுடன் முதலில் குனிந்து பார்ப்பது அந்தக் கொண்டியைத்தான். எஞ்சினை அதன் பிறகுதான் ஸ்டார்ட் பண்ணுவார். "பிரேக்க நம்பாதடா, கியர்ல இறங்கு" என்பார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கியவர்களை அவருக்குத் தெரியும். அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

ட்ராக்டர் வாங்கும்போது குதிரைவலுவைக் கேட்பார்கள். பெட்டிக்கு பிரேக் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் உண்டு.

பள்ளத்தாக்கில் வேறு கதை நடந்தது. தெஹியோவிட்டவைச் சுற்றி மலைக்கு மலை நடுவே ஒடுங்கிய வயல்கள், வரப்பு வளைந்து வளைந்து போகும் சிறு துண்டுகள். எருமை மிதித்துச் சேறாக்கிய வயல்கள் அவை. பக்கத்திலுள்ள பொரலுகொடையைச் சேர்ந்த பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்து 1958 இல் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகை விவசாயிக்குத் தன் வயலில் நிலைத்து நிற்க வழி பிறந்தது. கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு 45 குதிரைவலு எதற்கு? வரப்பைத் தாண்டவே அந்த ட்ராக்டரால் முடியாது.

அந்தச் சிறு வயலுக்கு ஏற்ற மெஷினைச் சிந்தித்தவர் ஓர் இலங்கையர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ரே விஜேவர்தன, கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர், 1924 இல் பிறந்தவர். 1950களின் நடுவில் இரண்டு சில்லில் ஓடும், ஆள் பின்னால் நடந்துகொண்டே பிடித்துப் போகும் கைட்ராக்டரை வடிவமைத்தார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்து லேண்ட்மாஸ்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. நிறுவனம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ஜப்பானில் செய்தாலும் சீனாவில் செய்தாலும் நமக்கு அது லேண்ட்மாஸ்டர்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவரும் இவரே. எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது அவருடைய பிற்காலத்தால். 1970களில் நைஜீரியாவின் இபாதானில் இருந்த வெப்பவலய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தபோது, எங்களைப் போன்ற மழை நாடுகளில் மண்ணை உழுது புரட்டுவதே வேண்டுமா என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார். உழாமல் நடும் கருவிகளைச் செய்தார். தான் செய்து புகழ் வாங்கிய மெஷினின் தேவையையே எடைபோட்டுப் பார்க்கும் நேர்மை எத்தனை பேருக்கு வரும்? 2010 இல் காலமானார்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிக் கிடந்தது. இருந்த மெஷினைத் தைத்தும் ஒட்டியும் ஓட்டினார்கள். எங்கள் தொழில் வளர்ந்த காலமும் அதுதான். 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசு கைக்குப் போயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. துரை மாறினார், ட்ராக்டர் அதே 135. 1977 இல் சந்தை திறந்ததும் ஜப்பான் குபோட்டா கைட்ராக்டர்கள் கிராமத்துக்குள் பெருகின. அவற்றின் பின்னால் சீன மெஷின்கள் விலை குறைவாக வந்தன. சீனத்துக் கைட்ராக்டரில் அதிகம் காணும் எஞ்சின் எஸ்195. படுக்கையாகக் கிடக்கும் ஒற்றைச் சிலிண்டர், 815 சிசி, நிமிடத்துக்கு 2000 சுற்றில் 12 குதிரைவலு. மேலே தண்ணீர்த் தொட்டி, தண்ணீர் குறைந்தால் கீழே இறங்கும் சிவப்பு மிதவை. கைபிடி போட்டுச் சுற்றினால் ஸ்டார்ட் ஆகிவிடும், பேட்டரி வேண்டாம்.

பலத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் அந்த எஞ்சினின் தகட்டை ஒருமுறை குனிந்து படிக்க வேண்டும். அதில் இரண்டு கணக்கு இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய பலம் 8.8 கிலோவாட், அதாவது 12 குதிரைவலு. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தாங்கும் பலம் 9.7 கிலோவாட், 13 குதிரைவலு சொச்சம். வேறு நாட்டு மெஷின்களிலும் இப்படித் தொடர் பலம், உச்ச பலம் என்று இரண்டு உண்டு. விற்கிறவர் பெரியதைத்தான் சொல்வார். ஒரு மெஷினின் உச்சத்தையும் மற்றதன் தொடர் பலத்தையும் பக்கத்தில் வைத்து, "அண்ணே, இது ரெண்டு குதிரைவலு கூட, விலையும் குறைவு" என்று என்னிடம் வந்து நிற்பவர்கள் உண்டு. நாள் முழுக்கப் பெட்டி இழுக்கப் போகிறவருக்குத் தொடர் பலம்தான் கணக்கு.

லேண்ட்மாஸ்டரை மலைக்குக் கொண்டுவந்தபோது இன்னொரு பாடத்தை எங்கள் ஆட்கள் உடம்பால் படித்தார்கள். கைபிடியின் கீழே இடமும் வலமும் இரண்டு விசை. சமதரையில் இடது விசையை அழுத்தினால் இடது சில்லுக்கு எஞ்சின் ஓட்டம் அறுந்துவிடும். வலது சில்லு தள்ள, வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின் சில்லைத் தள்ளுவதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. அங்கே இடது விசையை அழுத்தினால் இடது சில்லின் பிடி விட்டுப்போய் அது ஓடத் தொடங்கும்; வலது சில்லு பிடிபட்டே இருக்கும்; வண்டி வலது பக்கம் திரும்பும். சமதரையில் பழகிய கை, பள்ளத்து வளைவில் அதே பழக்கத்தில் அழுத்தினால் வண்டி நேரே பள்ளத்துக்குத்தான். பழகியவர்கள் இறக்கத்தில் விசையைத் தொடவே மாட்டார்கள். வேகத்தைச் சாகடித்து, கைபிடியைத் தோளால் தள்ளித் திருப்புவார்கள். லேண்ட்மாஸ்டருக்கு பிரேக் பெட்டியின் சில்லில் இருக்கிறது, காலடியில் மிதி. அதன் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. என் கொட்டகைக்கு எண்ணெய் மாற்ற வரும் வண்டிகளில் அதைத்தான் நான் முதலில் கழற்றிப் பார்க்கிறேன்.

தோட்டங்கள் 1992 இல் தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அதன் பிறகுதான், மெல்ல மெல்ல, எங்கள் ஆட்களும் மெஷின் வாங்குகிறவர்களானார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாகி, மிச்சமிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் முழுதாகத் தீர்வு கிடைத்த சனம் இது. காணி இல்லாதவன் உழவு இயந்திரத்துக்குக் கனவு காண்பதில்லை. இன்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்த பிள்ளைகளின் காசிலும், லீசிங்கிலும் லேண்ட்மாஸ்டர் எடுத்து மணல், விறகு, சிறுதோட்டக் கொழுந்து ஏற்றுகிறார்கள். வயல் அடிக்கும் பருவத்தில் கிராமத்துச் சிங்களச் சகோதரர்களின் வயலுக்கும் போகிறார்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு 2021 வரை காத்திருந்த குடும்பத்துக்கு ஒரு மெஷினின் விலை எவ்வளவு பெரிய காசு என்பதை விற்கிறவர் நினைத்துப் பார்க்க மாட்டார். வாங்குகிறவர் நினைத்துத்தான் ஆக வேண்டும்.

விலையில் கடைக்காரர் எழுதித் தருவது பாதிதான். மிச்சத்தை 2022 எங்களுக்குக் காட்டியது. 2021 முடிவில் லீட்டர் 121 ரூபாவாக இருந்த டீசல் அடுத்த ஜூன் மாதம் 460 ரூபா. எஸ்195 முழுச் சுமையில் மணிக்கு இரண்டரை லீட்டர் அளவில் குடிக்கும். அதைவிடப் பெரிய எஞ்சின் வாங்கியவர்கள் வண்டியை மூடிப் போட்டுவிட்டு லீசிங் மட்டும் கட்டினார்கள். உதிரிப்பாகம் வராத நாட்களில், ஊருக்குள் பத்துப் பேரிடம் இருக்கும் மாதிரியை வைத்திருந்தவர் ஒருவரிடமிருந்து ஒருவர் கழற்றிச் சமாளித்தார். யாரிடமும் இல்லாத மாதிரியை மலிவாக வாங்கியவரின் வண்டி சாக்குப் போர்வைக்குள் கிடந்தது.

என் தீர்ப்பு இதுதான். வயலும் கொழுந்தும் கலந்த சிறு வேலைக்கு, தெஹியோவிட்டவிலிருந்து தெரணியகல வரைக்கும், தொடர் பலம் ஒன்பது முதல் பன்னிரண்டு குதிரைவலு லேண்ட்மாஸ்டர் போதும். ஊரில் பலரிடம் இருக்கும் மாதிரியாகப் பாருங்கள். நாலு சில்லு வேண்டுமென்றால், நாள்தோறும் சுமை இருக்கிறது என்று உறுதியானால் மட்டும், நாலு சில்லிலும் இழுக்கும் சின்ன மெஷினை எடுங்கள். பெரிய பழையதை மலிவு என்று எடுக்காதீர்கள். எதுவானாலும் பெட்டிக்கு பிரேக் போட்ட பிறகே ரோட்டில் இறக்குங்கள். அந்தச் செலவை மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். வாங்கப் போகும்போது, இறக்கத்தில் அதை ஓட்டப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வேண்டாம் என்றால் வாங்காதீர்கள். தோட்ட நிர்வாகங்களுக்கும் அதையே சொல்கிறேன்: அடுத்த ட்ராக்டருக்குக் கையெழுத்துப் போடுமுன் உங்கள் சாரதியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கொழுந்துப் பெட்டியில் ஆட்களை ஏற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.