மிச்சமா, எச்சிலா?

ஹொஸ்டலில் ஸ்கிராபிள் விளையாடிக்கொண்டிருந்தபோது, கூட்டாளி ஒருத்தி மூன்றே எழுத்தில் ‘ஓர்ட்’ என்று வைத்தாள். அப்படியொரு சொல்லே இல்லையென்று சண்டை பிடித்தோம். டிக்‌ஷனரியைத் திறந்தால், இருக்கு! சாப்பிட்டு மிஞ்சின துண்டு துணிக்கை. பெரும்பாலும் ‘ஓர்ட்ஸ்’ என்று பன்மையில்தான் வருமாம். தோற்ற கடுப்பில் அதன் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினோம்.

தேடிப்போனால் மாட்டுத் தொழுவத்தில் வந்து நிற்கிறது. ஏறத்தாழ 1440இல் தொகுக்கப்பட்ட ‘ப்ரொம்ப்டோரியம் பார்வுலோரம்’ என்ற ஆங்கில-லத்தீன் அகராதி, கால்நடைகள் தின்று மிச்சம் விட்ட தீனி என்றுதான் இதற்குப் பொருள் தருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், பழைய டச்சிலும் வட ஜெர்மன் பேச்சிலும் இதன் சொந்தக்காரச் சொற்கள் இருக்கின்றன. அவற்றின் பின்பாதி ‘தின்’ என்பது. ஆங்கில ‘ஈட்’டும் அதே குடும்பம்தான்.

பிறகு சொல் மனிதரிடம் வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ட்ரொய்லஸ் அன்ட் கிரெசிடா’வில், தன் காதலி எதிரிப் பாசறையில் இன்னொருவனோடு நிற்பதைக் கண்டவன், அவளுடைய காதலையே ஓர்ட்ஸ் என்கிறான். ஆத்திரத்தில் சொன்னது. எங்களை அது பெரிசாய்த் தொடவில்லை.

தொட்டது ஜோர்ஜ் எலியட். 1861இல் வந்த ‘சைலஸ் மார்னர்’ நாவலில் ரேவலோ என்றொரு கிராமம். நெப்போலியன் போர்க்காலம், விளைச்சலுக்கு நல்ல விலை, நிலக்காரர் வீடுகளில் ஓயாத விருந்து. அவர்கள் கூடத் தின்றால் ஓர்ட்ஸும் கூடும், அது ஏழைகளுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. ஆகவே ஊர்ச்சனத்துக்கு அந்த விருந்துகளில் ஒரு பிழையும் தெரியவில்லை என்று எழுதிவிட்டு எலியட் பாட்டுக்குப் போய்விடுகிறார். பகிடிதான். ஆனால் மாட்டுத் தீனிக்கு இருந்த சொல்லை அந்த இடத்தில் வைத்தது சும்மா இல்லை என்றே நினைக்கிறோம்.

அந்த இடத்தைத் தமிழாக்கிப் பார்ப்போமென்று குந்தினோம். முதல் வரியிலேயே சிக்கல். சட்டியில் மிஞ்சினால் மிச்சம், வாய்பட்டால் எச்சில். தமிழில் எழுதுகிறவர் எதென்று சொல்லியாகவேண்டும். ஓர்ட்ஸோ வாயைத் திறக்காது. ‘மிச்சம்’ என்றால் விருந்து வைத்தவர் நல்லவராய்த் தெரிகிறார். ‘எச்சில்’ என்றால் வாங்கித் தின்றவரின் அவமானம்தான் முன்னுக்கு வந்து நிற்கிறது.

ஒரு மணித்தியாலம் கதைத்து, கடைசியில் ‘மிச்சம்மீதி’ என்று போட்டோம். ஸ்கிராபிளில் வென்றவள் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எச்சில்தானாம்.