ஸ்லாட்டில் பொருந்துது, லேப்டாப் ஏன் கண்டுக்கல? எஸ்எஸ்டி வாங்கும் முன் இதைப் படிங்க

பழைய லேப்டாப் மெதுவாகிவிட்டதா? எஸ்எஸ்டி மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். ஆனால், ஜோகூர் பாரு ஹாலிடே பிளாசாவில் வாங்கினாலும் சரி, இணையத்தில் ஆர்டர் செய்தாலும் சரி, "ஸ்லாட்டில் பொருந்தினால் போதும்" என்று நினைத்தால் காசு வீணாகலாம். மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்.

1. நீளம்

எம்.2 எஸ்எஸ்டியில் 2280 என்று இருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். 2242 என்றால் நீளம் 42, 2230 என்றால் 30. 42-க்கு மட்டும் இடம் இருந்தால் 80 உள்ளே போகாது.

2. வெட்டு

கார்டின் முனையில் உள்ள சின்ன வெட்டைத்தான் 'கீ' என்கிறோம். எஸ்எஸ்டிக்கு பி, எம் ஆகிய கீகள். வைஃபை கார்டுக்குப் பெரும்பாலும் ஏ அல்லது ஈ. இரண்டு வெட்டு இருந்தால் அது பி, எம் இரண்டு வகை ஸ்லாட்டிலும் நுழையும்.

3. பேசும் மொழி

பலர் தடுமாறுவது இங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. சாட்டா விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். பிசிஐஇ 3.0 வழியில் நான்கு தடம் கொண்ட என்விஎம்இ 3,500 வரை போகும். சாட்டா மட்டுமே தெரிந்த ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால், லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது.

ஓர் உதாரணம்: திங்க்பேட்

செகண்ட் ஹேண்டில் பலர் தேடும் லெனோவோ திங்க்பேட்டில், சிம் மோடத்துக்கான ஸ்லாட்டில் கூடுதலாக ஒரு சின்ன எஸ்எஸ்டி போடலாம். ஆனால் மாடலுக்கு மாடல் கதை வேறு:

• டி430 (2012): எம்சாட்டா மட்டுமே. மினி பிசிஐஇ கார்டு மாதிரியே இருக்கும், ஆனால் எம்.2 இதில் நுழையாது.
• டி440 (2013): எம்.2 2242, சாட்டா வகை.
• டி480 (2018): அதே 2242 அளவு, ஆனால் என்விஎம்இ வகை. இரண்டு வெட்டு உள்ளதாக இருக்க வேண்டும்.

டி440-இல் ஓடிய கார்டைக் கழற்றி டி480-இல் போட்டால் அழகாகப் பொருந்தும். வேலை மட்டும் செய்யாது!

வாங்கும் முன்

• லேப்டாப் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்து, தயாரிப்பாளரின் கையேட்டில் ஸ்லாட் விவரத்தைப் பாருங்கள்.
• கடையில் "எம்.2 இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "2242, என்விஎம்இ, இரண்டு வெட்டு" என்று முழுசாகச் சொல்லுங்கள்.
• விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டி430, டி440 இரண்டும் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அதற்குச் செலவு செய்வது தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள்.

கழற்றும் முன்

அசைன்மென்ட், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பழைய டிரைவ் பூட்டிக்கொண்டால், கடைக்காரராலும் திறக்க முடியாது.