போடிநாயக்கனூர் வட்டாரத்தில் உள்வீட்டு அடர்வண்ண மரபு

உள்வீட்டு அடர்வண்ணம் என்பது வீட்டின் உட்சுவர், தரை, தூண், கதவு ஆகியவற்றுக்கு வெளிறாத, செறிவு மிக்க நிறம் கொடுக்கும் வழக்கம். செங்காவி, மஞ்சட்காவி, கருநீலம், இலைப்பச்சை ஆகியவை இதில் பெரிதும் பயின்றவை. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளிலும் இவ்வழக்கத்தை மூன்று நிலைகளில் காணலாம்: ஜமீன் அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்கள், ஊர் வீடுகளின் காவியும் நீலமும், இன்றைய எமல்ஷன் பூச்சு. மூன்றையும் பிரித்துக் காட்டுவது சுவர் எதனால் ஆனது, நிறம் அதில் எப்படிப் பற்றியது என்பதே. இவ்வட்டாரத்தில் அடர்வண்ணத்தின் வரலாறு பெருமளவு சுண்ணாம்பின் வரலாறாகவே அமைகிறது.

இடமும் காலநிலையும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. 1996-இல் தேனி மாவட்டம் உருவாகும் வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை இங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கேரள எல்லையான போடிமெட்டைத் தொடுகிறது. அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது.

அடிவாரம் மழை மறைவுப் பகுதி. ஆண்டின் பெரும்பகுதி கூசும் வெயில். மேலே சரிவுகளில் மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நீடிக்கும். ஒரே நிறமி கீழே வெயிலைத் தாங்க வேண்டும், மேலே ஓதத்தைத் தாங்க வேண்டும். இவ்வட்டாரத்தில் எந்த நிறம் நிலைத்தது, எது உதிர்ந்தது என்பதில் வெயிலுக்கும் ஓதத்துக்கும் பெரும் பங்குண்டு.

பழஞ்சான்றுகள்

பாண்டிய நாட்டு அரண்மனையின் உட்புறத்தைச் சொல்லும் பழந்தமிழ்ச் சான்று பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய அந்நூல் அரசியின் இருப்பிடத்தை வருணிக்கும்போது வெள்ளி போல் ஒளிரும் சுண்ணச்சாந்து, நீலமணி போன்ற கரிய திரண்ட தூண்கள், செம்பினால் செய்தது போன்ற உறுதியான சுவர், அச்சுவரில் எழுதிய பூங்கொடி என்று வரிசைப்படுத்துகிறது. வெண்மை, கருமை, செம்மை ஆகிய மூன்றும் ஓர் அறைக்குள் எதிரெதிரே நிற்கின்றன. பரிபாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் குறிப்பிடுகிறது. மணிமேகலை சுதைச் சுவரில் எழுதிய ஓவியங்களைப் பேசுகிறது. சுண்ணாம்பு பூசிய சுவரே வண்ணத்துக்கு இடமாக இருந்தது என்பதில் இந்நூல்கள் ஒத்துப்போகின்றன.

சுண்ணச்சுவரும் நிறமியும்

கற்சுண்ணாம்பையோ கிளிஞ்சல் சுண்ணாம்பையோ காளவாயில் சுட்டு, நீரில் தாளித்து, நாட்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்துக் காரை பூசுவார்கள். சுவரில் ஏறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாக இறுகும். சாந்து ஈரமாக இருக்கும்போது பூசிய நிறமி அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்படும். காய்ந்த பின் பூசினால் பிசினோ வச்சிரமோ சேர்த்துத்தான் ஒட்டவைக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலறிஞர் எஸ். பரமசிவன், ஈரச்சாந்தில் வரையும் முறையே அங்குக் கையாளப்பட்டது என்று காட்டினார்.

சுண்ணாம்பு கடுங்காரம் கொண்டது. எல்லா நிறமும் அதில் பிழைப்பதில்லை. இரும்பு ஆக்சைடு நிறைந்த காவிக்கல், மஞ்சட்காவி, பச்சை மண், விளக்குக் கரி ஆகியவை பிழைக்கும். சமையல் மஞ்சள் பிழைக்காது. சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். எனவே தென்னாட்டுச் சுவர்களில் செம்மையும் மஞ்சளும் மேலோங்கியிருப்பதற்கு மங்கலக் கருத்தோடு மண்ணின் வேதியியலும் காரணம். 16ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்பரத்னம் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கருப்பு, சியாமம் என்று ஐந்து அடிப்படை நிறங்களை வகுக்கிறது.

ஜமீன் அரண்மனை ஓவியங்கள்

விசுவநாத நாயக்கர் காலத்தில் வகுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மதுரை நாட்டின் 72 பாளையங்களில் போடிநாயக்கனூரும் ஒன்று. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் அது ஜமீனாகத் தொடர்ந்தது. இங்குள்ள அரண்மனையின் உட்சுவர்களில் ராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. நாயக்கர் கால ஓவிய மரபைத் தொடரும் இவை, வாழும் வீட்டுக்குள் அடர்வண்ணம் ஏறியதற்கு இவ்வட்டாரத்தின் முதன்மையான சான்று.

நாயக்கர் மரபில் கதை கிடைமட்டப் பட்டைகளாக ஓடும். பின்னணி பெரும்பாலும் முழுச் செங்காவி. உருவங்கள் கருங்கோட்டால் அடைக்கப்பட்டு, மஞ்சள், பச்சை, வெள்ளை நிறங்களால் தட்டையாக நிரப்பப்படும். நிழல் காட்டுவதற்காக நிறத்தை நீர்க்கச் செய்வது அரிது. எனவே தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் முழுவதும் ஒரே செந்தளமாகத் தெரியும். அருகே வந்தால்தான் கதை விரியும். அறையின் நிறமும் அறையின் கதையும் ஒரே பூச்சில் அமைந்தன.

இதே வழக்கம் சுற்றுப்புற நாடுகளிலும் உண்டு. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் போர்க்காட்சி, அவைக்காட்சி, அந்தரங்கக் காட்சிகளால் நிரப்பினார்கள். மலைக்கு அப்பால், 1555-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியர் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறையில் ராமாயணம் தீட்டப்பட்டுள்ளது. பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகையின் மேல்தளத்தில் சுவரோவியங்கள் உள்ளன. பள்ளியறைக்கும் மேல்மாடத்துக்கும் இத்தனை வண்ணம் ஒதுக்கியவர்கள், நிறத்தை விருந்தினருக்குக் காட்டும் பகட்டாக மட்டும் கருதவில்லை. உறங்கி விழிக்கும் இடத்தில் அதன் துணையை வேண்டியிருக்கிறார்கள்.

1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களின் வருவாயை நிறுத்தியது. வருவாய் நின்றாலும் சுண்ணச்சுவர் தொடர்ந்து கவனிப்பைக் கேட்கும். கூரை ஒழுகினால் நீர் சுவருக்குள் இறங்கி உப்பைக் கரைத்து மேலே தள்ளும், ஓவியத் தோல் பொரிந்து உதிரும். தமிழகத்தின் பல அரண்மனை ஓவியங்கள் கெட்டது இவ்வழியில்தான்.

ஊர் வீடுகளின் காவியும் நீலமும்

அரண்மனைக்கு வெளியே, நிறம் ஆண்டுக்கொரு முறை வந்தது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது வீட்டின் கடமை. நீர்த்த சுண்ணாம்பில் வச்சிரமோ கஞ்சியோ உப்போ சேர்த்து நார்மட்டையால் அடிப்பார்கள். அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காவிப்பட்டை ஓடும். காலும் துடைப்பமும் பட்டு அழுக்காகும் பகுதியும், தரையிலிருந்து ஓதம் ஏறும் பகுதியும் அதுவே என்பதால் அழகும் பயனும் அங்கே சேர்ந்தன. திண்ணை, படிக்கட்டு, விளக்கு மாடம் ஆகியவற்றுக்கும் காவி ஏறியது.

நீலத்தின் வரவு வேறு வகை. விலை உயர்ந்த லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்தே பெற்றுவந்த ஆழ்நீலத்தை 1820-களில் பிரான்சில் வேதியியலாளர் கீமே செயற்கையாகச் செய்தார். துணிக்குப் போடும் நீலப்பொடியாக அது உலகெங்கும் மலிவாகப் பரவியது. காரத்தைத் தாங்கும் தன்மை அதற்கு உண்டு. ஆகவே சுண்ணாம்பில் தயங்காமல் கலந்தது. ஒரு சிட்டிகை போட்டால் வெள்ளை பளிச்சிடும். கை தாராளமாகப் போட்டால் அறையே நீலமாகும். அதற்கு ஒரு நூற்றாண்டு முன் பெர்லினில் பிறந்த பிரஷ்ய நீலமோ சுண்ணாம்பில் பழுப்பேறிவிடும். தமிழ்நாட்டு வீடுகளின் உட்சுவர் நீலத்தைச் சாத்தியமாக்கியது இந்த வேறுபாடு.

மலைச்சரிவில்

மூணாறு மலையின் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் சென்றது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. அந்த மலைத் தோட்டங்களின் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் எனும் வரிசை வீடுகள் நிர்வாகத்தின் கட்டடங்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை உரிமையாளரின் கடமையாக்கியது. வரிசை வீட்டின் வெளிப்புறம் எல்லோருக்கும் ஒன்று. உட்சுவரில்தான் குடும்பம் தன் விருப்பத்தைக் காட்ட முடிந்தது. சிவகாசியில் அச்சான சாமிப்படக் காலண்டர்களும் பச்சை, நீலப் பூச்சுகளும் மூடுபனி நாட்களில் ஓர் அறையை வீடாக்கின. இதை எளிய அலங்காரம் என்று ஒதுக்குவது சரியல்ல. தன்னுடையதல்லாத சுவரைத் தனதாக்கிக்கொள்ள மனிதர் கையாண்ட நேரடியான வழி அது.

தரையின் சிவப்பு

சிமெண்ட் பரவலானபோது காவி சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. சிமெண்டோடு செந்நிற இரும்பு ஆக்சைடைச் சேர்த்துப் பூசி, கரண்டியால் அழுத்தி இழைத்துச் செய்த ரெட் ஆக்சைடு தரை 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி தமிழ் வீடுகளின் அடையாளம். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க நிறம் ஆழ்ந்தது. பச்சை, கருப்புத் தரைகளும் உண்டு. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்து எடுக்கும் பூக்கற்கள் இதே தொழிலின் உயர்ந்த வடிவம். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் பதிவதால் அவற்றுக்குத் தனியே மெருகு வேண்டியதில்லை.

டப்பாப் பெயின்ட் காலம்

இந்தியாவில் ஷாலிமார் பெயின்ட்ஸ் 1902-லும் ஏஷியன் பெயின்ட்ஸ் 1942-லும் தொடங்கின. சிமெண்ட் பெயின்ட், டிஸ்டெம்பர், எண்ணெய் எனாமல் என்று படிப்படியாகச் சுண்ணாம்பு பின்வாங்கியது. 1930-களில் வந்த தாலோசயனின் நீலமும் பச்சையும் எந்த மண்ணாலும் தர முடியாத செறிவைத் தந்தன. 1950-களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த அக்ரிலிக் எமல்ஷன், பின்னர் கடையிலேயே கணினி கலந்து தரும் முறையோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கான சாயல்களைச் சிற்றூருக்கும் கொண்டுவந்தது. ஜமீனுக்கும் கோயிலுக்கும் உரியதாக இருந்த ஆழ்நிறம் கூலி வீட்டுக்கும் எட்டியது. இது பெரிய சமூக மாற்றம், கொண்டாடத் தக்கது.

அதன் மறுபக்கம் ஈயம். பளிச்சிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் ஈயக் குரோமேட்டும் ஈயச் செந்தூரமும் நெடுங்காலம் இடம்பெற்றன. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறுத்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல் பூச்சுகள் இன்றும் வீடுகளில் இருக்கின்றன.

ஒளியும் நிறமும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் அறிஞர் புர்கின்யே ஒன்றைக் கவனித்தார்: வெளிச்சம் மங்க மங்க, சிவப்பு விரைவில் கறுத்துப்போகிறது, நீலமும் பச்சையும் அதிக நேரம் தெரிகின்றன. அடிவாரத்து முற்ற வீட்டில் வெயில் எதிரொளித்து உள்ளே வரும்போது செங்காவி கனல்வதும், மூடுபனி சூழ்ந்த மலை வீட்டில் அதே சிவப்பு இருண்டு கிடப்பதும் ஓரளவு இதனால்தான். எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளி சிவப்பைத் தூக்கிக் கொடுத்தது, வெள்ளை எல்.இ.டி. ஒளி அந்தச் சூட்டைக் குறைக்கிறது. கடையில் பார்த்த ஷேடு கார்டு வீட்டுச் சுவரில் வேறாகத் தோன்றுவதற்கும் ஒளியின் இந்த வேறுபாடு ஒரு காரணம். பெரிய அளவில் சுவரிலேயே பூசி, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

புதுப்பித்தல்

பழைய வீட்டுக்கு அடர்வண்ணம் கொடுக்கும்போது முதலில் அறிய வேண்டியது சுவரின் வகை. சுண்ணக்காரை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் எமல்ஷனைப் பூசினால் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துப் பூச்சு செதிலாக உரியும். மழைமிகுந்த சரிவுகளில் இது ஓரிரு பருவங்களில் நடந்துவிடும். அடர்ந்த நிறத்தில் வெண்ணிற உப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். அத்தகைய சுவர்களுக்குக் காவி, மஞ்சட்காவி போன்ற மண் நிறமி கலந்த சுண்ணாம்பே பொருத்தம்.

சிமெண்ட் பூச்சுச் சுவருக்கு எமல்ஷன் ஏற்றது. ஆனால் ஒழுக்கையும் ஓதத்தையும் சரிசெய்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே நிறம் ஏற வேண்டும். ஆழ்நிறங்களில் டைட்டானியம் வெள்ளை குறைவாக இருப்பதால் அடிப்பரப்பை மறைக்கும் ஆற்றலும் குறைவு. நல்ல சிவப்புக்கும் மஞ்சளுக்கும் கூடுதல் பூச்சு வேண்டும். அடியில் சாம்பல் சாயல் பிரைமர் அடித்தால் சிவப்பு விரைவில் நிறையும். பழைய எனாமலைச் சுரண்டும்போது தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்ப்பதும், குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பால் வைப்பதும் கட்டாயம்.

போடி அரண்மனைச் சுவர் போன்றவை வேறு தகுதி கொண்டவை. அவற்றில் புதுப்பித்தல் என்றால் மேலே புது வண்ணம் பூசுவது ஆகாது. கூரையைக் காப்பது, நீரைத் தடுப்பது, உதிரும் காரையை அதே வகைச் சுண்ணாம்பால் பிடித்து நிறுத்துவது ஆகியவையே அங்குச் செய்யத்தக்கவை. இந்த வட்டாரத்தில் நிறத்தை நேசித்து வீடு கட்டுவோருக்கு அச்சுவர் ஒரு பாடநூல். சுண்ணாம்பையும் மண் நிறமியையும் அறிந்த கொத்தனார்களும் ஓவியர்களும் குறைந்துவரும் இக்காலத்தில், அதைப் பேணுவதோடு அந்தக் கைத்தொழிலை இளையோருக்குக் கற்பிப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.