மெத்தைக்குள் என்ன?

சேலத்திலிருந்து மலையேறி, ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குப் போகிறவர் இரவில் தேடுவது கம்பளியைத்தான். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைப் புகுத்தினார். அவருக்குப் பின் துரைமார்கள் தோட்டங்கள் போட்டார்கள். வெள்ளைக்காரர்களின் பேச்சில் நம் கம்பளியும் ஏறிவிட்டது. 1886-ல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் அதற்கு இடமுண்டு.

அவர்களுடைய ‘மேட்ரஸ்’ மட்டும் சொந்தச் சரக்கா? அதுவும் அரபியில் கடன் வாங்கியதுதான். ‘எதையாவது எறிந்து போடும் இடம்’ என்பது அதன் மூலப் பொருள். தரையில் விரிப்பைப் போட்டுப் படுத்தவர்களின் சொல் அது.

நம் முன்னோர் அமளி என்றார்கள், சேக்கை என்றார்கள். பஞ்ச சயனம் என்று ஐந்தை எண்ணியும் வைத்தார்கள்: அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர். கவனித்தீர்களா? ஐந்தும் உள்ளே அடைத்த பொருளின் பெயர்கள்! இன்றைய கடைக்காரரோ ‘ஆர்த்தோ’ என்கிறார், ‘லக்ஷுரி’ என்கிறார். உறைக்குள் இருப்பது இன்னதென்று அந்தப் பெயர்கள் சொல்வதில்லை.

இலவு காத்த கிளி பழமென்று நம்பியது பஞ்சாகப் போயிற்று. பஞ்சென்று நம்பிப் பணம் கொடுப்பவருக்கு வேறெதுவோ கிடைத்தால், அந்தக் கிளியே தேவலை!